அக்ராவில் ஊர் சுற்றுவது எப்படி: புதிதாகப் போகிறவருக்கு முழுமையான வழிகாட்டி

கானாவின் தலைநகர் அக்ராவுக்கு வேலையாகவோ சுற்றிப் பார்க்கவோ வருகிறவர்களை முதல் வாரம் கூட்டிக்கொண்டு அலைந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த வண்டியில் போவது?" அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு: போகிற இடத்துக்கு உள்ளூரில் என்ன பெயர், ஏறுவதற்கு முன்பு என்ன பேசிக்கொள்ள வேண்டும். இவை இரண்டும் தெரிந்துவிட்டால் எந்த வண்டியும் பரவாயில்லை. தெரியாவிட்டால் குளிர்சாதன டாக்சியில் போனாலும் தவறான இடத்தில்தான் இறங்குவீர்கள்.

வரிசையை மாற்றாமல் படியுங்கள். முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் எனக்கு அதிகம் போன் செய்தார்கள்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உள்ளூர் சிம். எம்டிஎன் என்ற போன் நிறுவனத்தின் கடைகள் எங்கும் உண்டு. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள், பதிவு செய்யாமல் சிம் வேலை செய்யாது. விமான நிலையத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. செயலியில் வண்டி கூப்பிட்டால் ஓட்டுநர் கட்டாயம் போன் செய்வார். இந்திய எண்ணுக்கு அவர் செய்ய மாட்டார், பயணத்தை ரத்துசெய்துவிட்டுப் போய்விடுவார்.

அடுத்தது சில்லறை. புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஏடிஎம்மில் பணம் எடுத்தால் 100, 200 சீடி நோட்டுகளாக வரும். (சீடி கானாவின் பணம். சீ-டி என்றுதான் சொல்ல வேண்டும், ஆங்கில எழுத்தைப் பார்த்து 'செடி' என்று சொன்னால் யாருக்கும் புரியாது.) அந்த நோட்டை ட்ரோட்ரோவில், அதாவது ஊருக்குள் ஆள் ஏற்றி ஓடும் வேனில், நீட்டினால் நடத்துநர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். டாக்சிக்காரர் "சில்லறை இல்லை" என்பார். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும், சில சமயம் உத்தியாகவும் இருக்கும். பெரிய நோட்டை சூப்பர் மார்க்கெட்டிலோ பெட்ரோல் பங்கிலோ கொடுத்து உடைத்துக்கொள்ளுங்கள். 1, 2 சீடி நாணயங்களும் 5, 10 நோட்டுகளும் ஒரு தனிப் பையில், எளிதாக எடுக்கிற மாதிரி இருக்கட்டும். மீதிப் பணம் வேறு பையில்.

மூன்றாவது, மொபைல் மணி. ஊரே அதை 'மோமோ' என்கிறது. நீண்ட நாள் தங்குகிறவர்கள் சிம் வாங்கும்போதே அதையும் திறந்துகொள்ளுங்கள். டாக்சிக்காரர்கள் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள், சில்லறைத் தொல்லை பாதி குறையும். ட்ரோட்ரோவுக்கு மட்டும் ரொக்கம்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, தங்குமிடத்துக்கான அடையாளம். தெருப் பெயரும் கதவு எண்ணும் அக்ராவில் பெரிதாக உதவாது. கானாபோஸ்ட்ஜிபிஎஸ் என்ற டிஜிட்டல் முகவரி முறை 2017-ல் வந்தது, உங்கள் விடுதிக்கும் அப்படி ஒன்று இருக்கும். ஆனால் ஓட்டுநர் கேட்பது அதை அல்ல. "எந்தப் பங்க் பக்கத்தில்? எந்தச் சர்ச் எதிரில்?" என்றுதான் கேட்பார். விடுதிக்காரரிடம் முதல் நாளே, "டாக்சிக்காரரிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?" என்று கேட்டு, அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "மெல்கம் கடை பக்கத்தில்" என்று மட்டும் எழுதாதீர்கள். மெல்கம் ஊரெங்கும் இருக்கிறது. எந்தப் பகுதி மெல்கம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கடைசியாக, நகர வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி போனில் இறக்கிவிடுங்கள். ஏன் என்பது ட்ரோட்ரோ பகுதியில் தெரியும்.

2. முதலில் பெயர்கள், பிறகுதான் வண்டி

ஐந்து பெயர்களைத் தெரிந்துகொள்ளாமல் தெருவில் இறங்காதீர்கள். ஐந்துமே ஆளை ஏமாற்றுகிற பெயர்கள்.

அக்ரா. நீங்கள் நகரின் வடக்கே மதீனாவில் நிற்கிறீர்கள். ஒரு வேன் வருகிறது, உள்ளிருந்து ஒரு பையன் "க்ரா க்ரா க்ரா!" என்று கத்துகிறான். 'நாம்தான் ஏற்கெனவே அக்ராவில் இருக்கிறோமே' என்று குழம்புவீர்கள். உள்ளூர்ப் பேச்சில் 'அக்ரா' என்றால் முழு நகரம் இல்லை. மக்கோலா சந்தையும் பழைய கடைவீதிகளும் இருக்கிற நகர மையம் மட்டும். நம் ஊர்க் கிராமத்தில் 'டவுன் டவுன்' என்று கத்துவது மாதிரிதான்.

சர்க்கிள். குவாமே இன்க்ருமா சர்க்கிளைத்தான் எல்லோரும் வெறுமனே சர்க்கிள் என்கிறார்கள். ஓசுவில் டான்குவா சர்க்கிள் உண்டு, வேறு சர்க்கிள்களும் உண்டு. முன்னால் பெயர் எதுவும் இல்லாமல் 'சர்க்கிள்' என்றால் இன்க்ருமா சர்க்கிள்தான். நகரத்தின் எல்லாத் திசைகளுக்கும் இங்கே வண்டி மாறலாம். இப்போது மேலே பெரிய மேம்பாலம் இருக்கிறது. கீழே கூட்டமும் கடைகளும் வேன்களும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்.

37. இது பஸ் எண் இல்லை. 37 ராணுவ மருத்துவமனை, அதன் பக்கத்து நிறுத்தத்தின் பெயர். "தர்ட்டி செவன் பிடித்துப் போ" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வேனின் முகப்பில் 37 என்ற எண்ணைத் தேடிக்கொண்டு அரைமணி நேரம் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். வேன்களுக்கு வழித்தட எண்ணே கிடையாது. (அந்த மருத்துவமனை மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தொங்கும். வண்டிக்குக் காத்திருக்கும்போது மேலே பார்க்கலாம், வாயை மூடிக்கொண்டு.)

டெமா ஸ்டேஷன். இதில் நானே விழுந்திருக்கிறேன். டெமா என்பது அக்ராவுக்குக் கிழக்கே உள்ள துறைமுக நகரம். டெமா ஸ்டேஷன் இருப்பதோ அக்ராவின் நடு மையத்தில், அமைச்சக அலுவலகங்கள் இருக்கிற பகுதிக்குப் பக்கத்தில். டெமாவுக்குப் போகும் வண்டிகள் கிளம்புகிற இடம் என்பதால் அந்தப் பெயர். "டெமா ஸ்டேஷனில் சந்திப்போம்" என்று நண்பர் சொன்னார். நான் நெடுஞ்சாலையில் டெமா வரைக்கும் போய் இறங்கி, அங்கிருந்து அவருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. 'இன்ன ஊர் ஸ்டேஷன்' என்றால் அந்த ஊருக்குப் புறப்படும் இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஊரில் உள்ள ஸ்டேஷன் என்று இல்லை.

அப்புறம் 'ஸ்டேஷன்' என்ற சொல்லே. ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேன்களும் பங்கு டாக்சிகளும் நின்று ஆள் ஏற்றும் திடல் எல்லாமே ஸ்டேஷன்தான்.

3. விமான நிலையத்திலிருந்து முதல் பயணம்

விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஓசு, கான்டோன்மென்ட்ஸ் போன்ற பகுதிகள் சில கிலோமீட்டர்தான். தூரம் குறைவு என்பதை மனதில் வைத்துக்கொண்டால் வாசலில் சொல்கிற விலையைக் கேட்டுப் பயப்பட மாட்டீர்கள்.

வரிசை இது: உள்ளேயே கொஞ்சம் பணம் மாற்றுங்கள் அல்லது எடுங்கள். சிம் வாங்குங்கள். செயலியைத் திறந்து உங்கள் விடுதிக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் வெளியே போக வேண்டும். அந்தத் தொகை உங்களுக்கு அளவுகோல். வாசலில் டாக்சிக்காரர் அதைவிடக் கொஞ்சம் கூடக் கேட்டால் சரி, மூன்று மடங்கு கேட்டால் செயலியிலேயே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியை வாங்கித் தள்ள ஆட்கள் வருவார்கள். உதவி வேண்டாம் என்றால் பெட்டியில் கை வைக்கும் முன்பே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். தள்ளி முடித்த பிறகு சொன்னால் அது வாக்குவாதம்.

வாசலைத் தாண்டி முதன்மைச் சாலைக்கு நடந்தால் ட்ரோட்ரோவும் கிடைக்கும். ஒரு பக்கம் 37, சர்க்கிள் போகிறவை, எதிர்ப்பக்கம் லெகோன், மதீனா போகிறவை. ஆனால் பெட்டியோடு முதல் நாள் அதில் ஏற வேண்டாம். பெட்டி வைக்க இடமில்லை, உங்களுக்கு இன்னும் பெயர்களும் பழகவில்லை.

4. செயலி வண்டி: எளிது, ஆனால் பட்டனை அழுத்தினால் முடிவதில்லை

உபர், போல்ட், யாங்கோ மூன்றும் அக்ராவில் ஓடுகின்றன. இரண்டையாவது போனில் வைத்துக்கொண்டு விலையை ஒப்பிடுங்கள். மழை நேரத்தில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும்.

வண்டியை உறுதிசெய்ததும் ஓட்டுநர் கூப்பிடுவார். கேள்விகள் இரண்டு: எங்கே போகிறீர்கள், ரொக்கமா கார்டா. எரிச்சலடைய வேண்டாம், அது அங்கே வழக்கம். ரொக்கம் என்றால்தான் பல ஓட்டுநர்களுக்குப் பிடிக்கும், அன்றைய பெட்ரோலை அன்றைய ரொக்கத்தில்தான் போடுகிறார்கள். அதனால் செயலியிலேயே ரொக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவதாக அவர் கேட்பது, "நீங்கள் சரியாக எங்கே நிற்கிறீர்கள்?" வரைபடத்தில் உள்ள புள்ளியை நம்பி ஓட்டுகிறவர்கள் குறைவு. அங்கேதான் முதல் படியில் எழுதி வைத்த வாக்கியம் உதவும். பேச்சு புரியாவிட்டால் போனை விடுதிக் காவலாளியிடமோ பக்கத்துக் கடைக்காரரிடமோ கொடுத்துவிடுங்கள். அவர்கள் உள்ளூர் மொழியான ட்வியில் நாலு வார்த்தை பேசினால் வண்டி இரண்டு நிமிடத்தில் வந்து நிற்கும். இதில் கூச்சமே வேண்டாம், அங்கே எல்லோரும் செய்வதுதான்.

ஏறும் முன் வண்டி எண்ணைப் பாருங்கள். ஒரே நிறத்தில் ஒரே மாதிரிச் சின்னக் கார்கள் வரிசையாக நிற்கும், வேறு யாருக்கோ வந்த வண்டியில் ஏறிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அப்புறம், "ரத்துசெய்துவிடுங்கள், நானே கூட்டிப் போகிறேன்" என்று ஓட்டுநர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரத்துசெய்த பின் விலைக்கும் பதிவு இல்லை, வழிக்கும் பதிவு இல்லை.

5. டாக்சி: 'டிராப்பிங்'கா, 'ஜாயினிங்'கா

நான்கு சக்கரங்களின் மேல்பகுதியும் மஞ்சளோ ஆரஞ்சோ அடித்திருந்தால் அது டாக்சி. மீட்டர் கிடையாது. ஒரே வண்டி இரண்டு விதமாக ஓடும்.

டிராப்பிங் என்றால் முழு வண்டியும் உங்களுக்கு. ஜாயினிங் என்றால் பங்கு டாக்சி: குறித்த வழியில் போகும், நான்கு பேர் சேர்ந்ததும் கிளம்பும், ஒரு இருக்கைக்கு இவ்வளவு என்று விலை உண்டு.

தவறு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பங்கு டாக்சி என்று நினைத்து ஸ்டேஷனில் காலியாக நிற்கிற வண்டியில் போய் உட்காருவீர்கள். ஓட்டுநர் உங்கள் முகத்தைப் பார்த்து, வெளிநாட்டுக்காரர் முழு வண்டியும் எடுக்கிறார் என்று கிளப்பிவிடுவார். இறங்கும்போது பல மடங்கு கேட்பார். அவர்மேல் முழுத் தவறும் இல்லை, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. அதனால் கதவைத் தொடும் முன் ஒரே சொல்: "ஜாயினிங்?" அவர் ஆம் என்றால் மட்டும் ஏறுங்கள். தெருவில் கைகாட்டி நிறுத்தின காலி டாக்சி என்றால் டிராப்பிங் என்றே வைத்துக்கொள்ளலாம்.

டிராப்பிங் விலை பேசும் முறை: முதலில் வணக்கம். "குட் மார்னிங்" சொல்லாமல் இடத்தின் பெயரை மட்டும் ஜன்னலில் கத்தினால் அது மரியாதைக் குறைவு, விலையிலும் அது தெரியும். பிறகு இடம், அதன் அடையாளம். அவர் ஒரு விலை சொல்வார். நீங்கள் செயலியில் பார்த்த தொகையை நினைத்துக்கொண்டு, "ப்ளீஸ், ரெடியூஸ் ஸ்மால்" என்று சொல்லுங்கள். அங்கே ஆங்கிலம் அப்படித்தான் பேசப்படும். இரண்டு சுற்றில் முடியாவிட்டால் நன்றி சொல்லி நகருங்கள். பல தடவை பின்னாலிருந்து ஹாரன் கேட்கும். கேட்காவிட்டால் உங்கள் விலைதான் குறைவு, அடுத்த டாக்சியிடம் கொஞ்சம் ஏற்றிக் கேளுங்கள்.

விலை முடிந்த பிறகே உட்காருங்கள், பை வண்டிக்குள் போன பிறகு பேரம் கிடையாது. இரண்டு பேர் போனால், விலை இரண்டு பேருக்கும் சேர்த்துதானா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

6. ட்ரோட்ரோ: ஊர் ஓடுவது இதில்தான்

பழைய ஐரோப்பிய, ஜப்பானிய வேன்களுக்குள் இருக்கைகளைப் பொருத்தி ஓட்டுகிறார்கள். நடுவழியிலும் மடக்கு இருக்கை இருக்கும். ஓட்டுநர் ஒருவர், கதவில் நின்று கூவி ஆள் ஏற்றிக் காசு வாங்குகிற 'மேட்' ஒருவர். மற்ற எல்லாவற்றையும்விட மிக மலிவு. முதல் இரண்டு நாள் விட்டுவிட்டு மூன்றாம் நாள் இதில் ஏறுங்கள் என்பதே என் யோசனை.

முதல் தடவை ஸ்டேஷனிலிருந்து ஏறுங்கள், சாலையோரத்தில் வேண்டாம். ஸ்டேஷனில் பல வண்டிகளின்மேல் ஊர்ப் பலகை இருக்கும், யாரிடமாவது கேட்கவும் நேரம் இருக்கும். "ப்ளீஸ், லபாடி கார்?" என்றால் போதும். (வேன், பஸ், டாக்சி எல்லாமே அங்கே 'கார்'தான்.) யாராவது ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஏற்றிவிடுவார். ஒன்று மட்டும்: ஸ்டேஷனில் வண்டி நிறையாமல் கிளம்பாது. நடுப்பகல் வெயிலில் அரைமணி நேரம் உட்கார வேண்டி வரலாம். காலையில் உடனே நிறைந்துவிடும்.

சாலையோரத்தில் ஏறப் பழகும்போது காதும் கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். "சர்க் சர்க் சர்க்" என்றால் சர்க்கிள். "பாஸ் பாஸ் பாஸ்" என்றால் லபாஸ். மேட் விரலைக் கீழே நீட்டி வட்டம் போட்டுக் காட்டினால் அதுவும் சர்க்கிள். விரலை நிமிர்த்தி மேலே காட்டினால் அக்ரா மையம். நீங்களும் அதே சைகையைக் காட்டலாம், இடமிருந்தால் நிறுத்துவார்கள். புரியாவிட்டால் ஏறும் முன் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 'போகுமா?' என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் போகும் என்பார்கள்.

எங்கே உட்காருவது? முதல் தடவை மேட்டுக்குப் பக்கத்து வரிசையில். நீங்கள் சொல்வது அவருக்குக் கேட்கும், இறங்கும் இடம் வந்தால் அவரே தட்டிச் சொல்வார். நடுவழி மடக்கு இருக்கை கிடைத்தால் பின்வரிசைக்காரர் ஒவ்வொருவர் இறங்கும்போதும் நீங்கள் இறங்கி ஏற வேண்டும். ஜன்னலோரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். நெரிசலில் நிற்கும் வண்டியிலிருந்து போனைப் பறித்துக்கொண்டு ஓடுவது சர்க்கிள் பக்கம் நடக்கிறது. பை மடியில் இருக்கட்டும். பெரிய பை என்றால் அதற்கும் ஒரு இருக்கைக் காசு கேட்கலாம், அது நியாயம்தான்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மேட் திரும்பி, "யெஸ், ஃப்ரண்ட்!" என்பார். வரிசை வரிசையாகக் காசு வசூல். பின்னால் உட்கார்ந்திருந்தால் காசு ஆள்மாற்றி ஆள்மாற்றி முன்னால் போகும், சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். கொடுக்கும்போதே இறங்கும் இடத்தைச் சொல்லுங்கள், கட்டணம் அதைப் பொறுத்ததுதான்.

காசை வலது கையால் கொடுங்கள். இடது கையால் நீட்டுவது அங்கே அவமரியாதை. இடது கைப் பழக்கமுள்ள என் நண்பர் ஒருவர், மேட் ஏன் தன் காசை வாங்காமல் முறைக்கிறார் என்று தெரியாமல் மூன்று நாள் தவித்தார். வலது கை முடியாத நிலையில் இருந்தால், "ப்ளீஸ், சாரி ஃபார் லெஃப்ட்" என்று சொல்லிவிட்டுக் கொடுக்கலாம்.

மீதிக் காசு உடனே வராது. மேட் எல்லோரிடமும் வாங்கி முடித்த பிறகுதான் திருப்புவார். மறந்துவிட்டார் என்று தோன்றினால், "மேட், மை பேலன்ஸ்" என்று சொல்லுங்கள். மீதிச் சில்லறைக்கு அங்கே பெயர் பேலன்ஸ். கோபமாகச் சொல்லாதீர்கள், ஏமாற்றுவது அரிது.

ட்ரோட்ரோவில் பேரம் பேசவே கூடாது. கட்டணம் ஓட்டுநர் சங்கங்கள் அரசோடு பேசி நிர்ணயித்தது, எல்லோருக்கும் ஒன்றுதான். சந்தேகமிருந்தால் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேளுங்கள். புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: டாக்சியில் கேட்டதைக் கொடுத்துவிட்டு ட்ரோட்ரோவில் 1 சீடிக்குச் சண்டை போடுகிறார்கள்.

இறங்குவதுதான் கடைசிப் பாடம். நிறுத்தங்களில் வண்டி தானாக நிற்காது. யாராவது கேட்டால்தான் நிற்கும். இறங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே, "மேட், பஸ் ஸ்டாப்!" என்று உரக்கச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்குவீர்கள். எந்த இடம் என்று தெரிந்துகொள்ளத்தான் வரைபடத்தை இறக்கச் சொன்னேன். நீலப் புள்ளி நெருங்கும்போது குரல் கொடுங்கள், பிறகு போனை உடனே உள்ளே வையுங்கள். நீங்கள் இறங்கியதும் மேட் "அவே!" என்று கத்துவார். உங்களைப் போகச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள், அது ஓட்டுநருக்கு 'போலாம் ரைட்'.

7. ஒரு முழுப் பயணம்: ஓசுவிலிருந்து ஓடோர்கோர்

ஓடோர்கோரில் ஆப்பிரிக்க இந்து மடம் இருக்கிறது. கானாக்காரரான சுவாமி கனானந்த சரஸ்வதி நிறுவியது, கும்பிட வருகிறவர்களும் பெரும்பாலும் கானாக்காரர்களே. நம்மவர்கள் அடிக்கடி வழி கேட்கிற இடம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஓசு கிழக்கே, ஓடோர்கோர் மேற்கே. நேர் வண்டி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முதலில் ஓசுவிலிருந்து "சர்க் சர்க்" என்று கூவுகிற வண்டியில் சர்க்கிள். அங்கே இறங்கியதும் நின்று போனைப் பார்க்க வேண்டாம். கூட்டத்திலிருந்து ஒதுங்கி, சீருடைக் காவலரிடமோ கடைக்காரப் பெண்மணியிடமோ, "ப்ளீஸ், ஓடோர்கோர் கார்?" என்று கேளுங்கள். கனேஷி வழியாகப் போகிற வேனைக் காட்டுவார்கள். காசு கொடுக்கும்போது ஓடோர்கோர் என்று சொல்லுங்கள், கனேஷி சந்தை தாண்டியதும் கவனமாக இருங்கள். இறங்கிய பிறகு தெருவில் யாரைக் கேட்டாலும் மடத்துக்கு வழி சொல்வார்கள்.

இரண்டு வண்டி, இரண்டு கட்டணம், ஒரு மாறுதல். அக்ராவில் பெரும்பாலான பயணங்களின் வடிவம் இதுதான்: பக்கத்து மையத்துக்கு ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. மதீனா, லெகோன் பக்கம் என்றால் 37-ல் மாறுங்கள். கிழக்கே கடற்கரையோரமாக லபாடி, டெஷி, நுங்குவா என்றால் டெமா ஸ்டேஷன்.

8. ஓகாடா, பிராகியா

ஓகாடா என்பது மோட்டார் சைக்கிள் டாக்சி. காசு வாங்கி ஆள் ஏற்றுவதை 2012-ஆம் ஆண்டு சாலை விதிகள் தடை செய்தன, ஆனாலும் சந்திக்குச் சந்தி நின்றார்கள். நெரிசலில் வேகமாகப் போகும் என்பது உண்மை. எனக்குப் பிடிக்காது: இரண்டாவது தலைக்கவசம் பெரும்பாலும் இருக்காது, உங்கள் பயணக் காப்பீடு இரு சக்கர விபத்துக்குப் பணம் தருமா என்பதும் சந்தேகம். பத்திரத்தை எடுத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிராகியா நம் ஆட்டோவேதான், பஜாஜ் பெயர் பார்த்து ஊர் ஞாபகம் வரும். புறநகர்களில், முதன்மைச் சாலையிலிருந்து உள்தெருக்களுக்குப் போக வசதி. இங்கேயும் ஏறும் முன் கேட்க வேண்டியது அதே கேள்வி: தனியாகவா, பங்காகவா.

9. எப்போது கிளம்புவது

காலை 6 முதல் 9 வரை மையத்தை நோக்கியும், மாலை 4 முதல் 8 வரை வெளியே நோக்கியும் வண்டிகள் ஊர்ந்து போகும். உங்கள் வேலையை எதிர்த்திசையில் வைத்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சம். வெள்ளி மாலை ஊரைவிட்டு வெளியே போகும் எந்தச் சாலையிலும் சிக்காதீர்கள். சனிக்கிழமை காலை கறுப்பு, சிவப்பு உடுத்தி ஊர் ஊராகத் துக்கச் சடங்குகளுக்குப் போவார்கள், நெடுஞ்சாலை நிறைந்திருக்கும். ஞாயிறு காலை ஊரே சர்ச்சில். சாலை காலி, ஆனால் ட்ரோட்ரோவும் குறைவு.

ஏப்ரல் முதல் ஜூலை வரை பெருமழை, ஜூனில் உச்சம். வானம் கறுத்தால் சர்க்கிள், கனேஷி பக்கம் போகாதீர்கள். இரண்டும் தாழ்வான இடங்கள், வெள்ளம் நிற்கும். செயலி வண்டியின் விலை ஏறும், ட்ரோட்ரோக்கள் காணாமல் போகும். மழை விட்டு ஒரு மணி நேரம் எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதே மேல்.

வருடம் முழுவதும் மாலை 6 மணியை ஒட்டி இருட்டிவிடும். இருட்டிய பிறகு பெரிய ஸ்டேஷன்களில் வண்டி மாறுகிற மாதிரித் திட்டம் போடாதீர்கள். இரவில் செயலி வண்டிதான். சாலையில் போலீஸ் சோதனை இருக்கும், பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும்.

10. அக்ராவை விட்டு வெளியே

எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஸ்டேஷன் மாறும், அதை முதலில் முடிவு செய்யுங்கள். மேற்கே கேப் கோஸ்ட், டாகொராடி, பக்கத்தில் கொக்ரொபிட்டே கடற்கரை என்றால் கனேஷி. கிழக்கே டோகோ எல்லையில் உள்ள அஃப்லாவோ என்றால் டூடு. குமாசி என்றால் சர்க்கிள் பக்கம். அபூரி தாவரவியல் பூங்கா என்றால் மதீனா போய் மாறலாம்.

குமாசி சுமார் 250 கிலோமீட்டர். ஐந்தாறு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். எஸ்டிசி என்ற நிறுவனத்தின் பேருந்து குறித்த நேரத்தில் கிளம்பும், முந்தின நாளே டிக்கெட் வாங்கலாம். விஐபி என்ற இன்னொரு நிறுவனத்தின் பேருந்து நிறைந்ததும் கிளம்பும், போய் வரிசையில் நின்றால் போதும். நேரம் முக்கியமானவருக்கு முன்னது, திட்டமில்லாமல் போகிறவருக்குப் பின்னது. எஸ்டிசியில் மூட்டைக்கு எடை போட்டுத் தனியாகக் காசு வாங்குவார்கள், அதற்கு அரைமணி முன்னதாகப் போங்கள்.

கேப் கோஸ்ட் சுமார் 150 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, ஆனால் வழியில் கசோவா என்ற ஊரின் நெரிசல் ஒன்று இருக்கிறது. காலை 6 மணிக்கு முன் கனேஷியில் வண்டி ஏறினால் தப்பிக்கலாம். எட்டு மணிக்கு ஏறினால் கேப் கோஸ்ட் கோட்டையை அன்று மாலைக்குத்தான் பார்ப்பீர்கள்.

பெரிய பேருந்துகளில் குளிர்சாதனம் கடுமையாக வேலை செய்யும், வெளியே 32 டிகிரி என்றாலும் ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பியதும் ஒருவர் எழுந்து நின்று ஜெபம் செய்வார், அதன் பின் மருந்து விற்பார். பல சமயம் இரண்டும் ஒரே ஆள்தான். தண்ணீர் ஜன்னலிலேயே வரும், தலையில் பாத்திரம் சுமந்து ஓடிவந்து அரை லிட்டர் பாக்கெட் விற்பார்கள். அதற்கும் சில்லறையைத் தயாராக வைத்திருங்கள். வண்டி நகரத் தொடங்கிய பிறகு 50 சீடி நோட்டைக் கொடுத்தால் மீதியைக் கொடுக்க அந்தப் பிள்ளை வண்டியோடு ஓடிவர வேண்டியிருக்கும்.